ஃபார்மட் அடிப்பதற்கு முன் ஒரு நிமிடம்



கொஞ்சம் நீளமான பதிவு. காபியைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள். பாதியில் விட்டுவிட்டு "சூப்பர் சார்" என்று போட்டால் எனக்குத் தெரிந்துவிடும். வகுப்பிலேயே தெரிந்துவிடும், இங்கே தெரியாதா?

போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் தங்கை மகன் ஒரு படம் போட்டான். கறுப்புத் திரை, அதில் வெள்ளை எழுத்தில் இரண்டு மூன்று வரிகள். கீழே, "வீட்டு கம்ப்யூட்டர் ஆன் ஆகல, ஃபார்மட் அடிச்சிடலாமா?" என்று கேட்டிருந்தான். ஐந்து நிமிடத்துக்குள் நான்கு பேர் கட்டைவிரலைத் தூக்கிவிட்டார்கள். அந்த வெள்ளை எழுத்தில் என்ன இருக்கிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. டி.நகரிலிருந்து ஒருவர், "என் கடைக்காரர் ஐந்நூறு ரூபாய்க்கு அடிச்சுக் கொடுப்பார்" என்று வேறு எழுதினார்.

எனக்குக் கோபம் வந்தது. 34 வருஷம் கணக்குப் பாடம் நடத்தியவன் நான். விடை தப்பு என்றதும் முழுப் பக்கத்தையும் குறுக்கே அடித்துவிட்டு முதலிலிருந்து போட ஆரம்பிக்கும் பிள்ளைகளை உங்களுக்கு நினைவிருக்கும். உங்களில் பலர் அந்தப் பிள்ளைகள்தான். நான் என்ன சொல்வேன்? "அடிக்காதே. எந்த வரி வரைக்கும் சரி, அதைச் சொல்லு." தப்பு ஒரு வரியில்தான் இருக்கும். அதற்கு முன்னால் போட்டதெல்லாம் சரியாக இருக்கும், அதற்கு மார்க்கும் உண்டு.

கம்ப்யூட்டருக்கும் அதே விதிதான் என்பதை மிகவும் தாமதமாக, இந்த வயதில், ஒரு மாணவனிடமிருந்து கற்றுக்கொண்டேன். அதைத்தான் எழுதப் போகிறேன். என் கருத்து இரண்டு. ஒன்று, ஃபார்மட் என்பது கடைசி வார்த்தையாக இருக்க வேண்டும், முதல் வார்த்தையாக இருக்கக் கூடாது. இரண்டு, நாலைந்து கம்ப்யூட்டருக்கு மேல் வைத்திருக்கும் எந்தப் பள்ளியும், டியூஷன் சென்டரும், ஆடிட்டர் ஆபீசும், கிளினிக்கும், நெட்வொர்க் வழியாகவே மெஷினை எழுப்பும் ஒரு மீட்பு மெனுவைத் தயாராக வைத்திருக்க வேண்டும். அதை மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை ஓட்டியும் பார்த்திருக்க வேண்டும்.

நடந்ததைச் சொல்கிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு மந்தைவெளியில் ஒரு மாலை நேரப் பயிற்சி மையத்தில் பாடம் எடுக்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். 12 கம்ப்யூட்டர்கள், எல்லாம் யாரோ ஆபீஸில் கழித்துவிட்டுக் கொடுத்தவை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது தெருத் தண்ணீர் உள்ளே வந்தது. பெட்டிகளைப் பெஞ்சு மேல் தூக்கி வைத்தோம், ஒன்றிரண்டு நனைந்தன. காய வைத்து ஓட்டினோம். அப்படிக் காய வைத்து ஓட்டியதில் ஒன்றுதான் எங்கள் ஆபீஸ் மெஷின். சென்ற ஆடி மாதம் ஒருநாள் அது எழுந்திருக்கவில்லை.

அதில் இருந்தது இரண்டு. பிளஸ் டூ பிள்ளைகளின் ஸ்காலர்ஷிப் விண்ணப்பத்துக்காக ஸ்கேன் செய்த சான்றிதழ்கள் ஒன்று. அது போனால் மறுபடி ஸ்கேன் செய்துகொள்ளலாம், அலைச்சல்தான். இன்னொன்று, நம் தமிழய்யாவின் குரல்.

உங்களில் பாதிப்பேர் அவரிடம் படித்தவர்கள். கண் பார்வை இல்லாத பிள்ளைகள் மையத்துக்கு வர ஆரம்பித்தபோது, பாடத்தை வாசித்துப் பதிவு செய்து கொடுக்கிறேன் என்று அவரே முன்வந்தார். வாரத்தில் இரண்டு நாள் லஸ் கார்னரில் பஸ் இறங்கி நடந்தே வருவார். ஃபேனை நிறுத்தச் சொல்லிவிட்டு, வியர்க்க வியர்க்க உட்கார்ந்து வாசிப்பார். செய்யுளை முதலில் சீர் பிரித்து, பிறகு சேர்த்து, பிறகு பொருள். 43 பாடங்கள். போன பங்குனியில் அவர் காலமானார். பதிவுகள் அந்த ஒரே மெஷினில்தான் இருந்தன. பேக்கப் எடுக்க வேண்டிய ஆள் நான். எடுக்கவில்லை. "நாளைக்கு, நாளைக்கு" என்று தள்ளிப்போட்டேன். வீட்டுப்பாடம் செய்யாமல் வந்த பிள்ளைகளை நான் வெளியே நிற்க வைத்திருக்கிறேன். என்னை யார் நிற்க வைப்பது?

பக்கத்தில் ஒரு கடையில் கேட்டேன். "பழைய மெஷின் சார், ஃபார்மட் பண்ணி ஃப்ரெஷ்ஷா போட்டுத் தரேன், உள்ளே இருக்கறது வராது" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவரிடம் வருகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். மெஷின் ஓட வேண்டும், அவ்வளவுதான். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்பவர் குறைவு.

அன்றிரவு நம் பழைய மாணவர் குழுவில் எழுதினேன். அடையாறில் இருக்கும் ஒரு பையன், ஓ.எம்.ஆர். கம்பெனி ஒன்றில் நெட்வொர்க் பார்ப்பவன், பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டான், ஞாயிற்றுக்கிழமை காலையில் லேப்டாப்போடு வந்து நின்றான். வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "சார், திரையில என்ன எழுதியிருந்தது? அப்படியே சொல்லுங்க." எனக்கு வெட்கமாகிவிட்டது. நானும் படிக்கவில்லை.

பென் டிரைவில் போட்டு எழுப்பலாமே என்றேன். அந்த மெஷினில் தண்ணீர் பட்டு யு.எஸ்.பி. போர்ட்டுகள் எல்லாம் செத்திருந்தன. கீபோர்டு பழைய உருண்டை பின் வகை, அதனால் அது மட்டும் வேலை செய்தது. சி.டி. டிரைவும் இல்லை. டிஸ்கைக் கழற்றி இன்னொரு மெஷினில் மாட்டலாமே என்று நீங்கள் கேட்பீர்கள், நானும் கேட்டேன். "மாட்டலாம் சார். ஆனா அங்க இருக்கற விண்டோஸ் இதைப் பார்த்ததும் சரி பண்றேன்னு எழுத ஆரம்பிச்சிடும். சாகப்போற டிஸ்க்ல எழுதக் கூடாது. தொடாம எழுப்பணும்" என்றான்.

தொடாமல் எழுப்புவது எப்படி? நெட்வொர்க் பூட் என்று பெயர். இன்டெல் கம்பெனி வகுத்த பி.எக்ஸ்.இ. என்ற முறை, 1999-லேயே இன்றைய வடிவத்துக்கு வந்துவிட்டது. அநேகமாக உங்கள் வீட்டு மேசைக் கம்ப்யூட்டரிலும் இருக்கும், யாரும் பயன்படுத்தியிருக்க மாட்டீர்கள். ஹார்டு டிஸ்க்கே இல்லாவிட்டாலும், நெட்வொர்க் கேபிள் வழியாக இன்னொரு மெஷினிலிருந்து ஒரு முழு லினக்ஸை வாங்கி, தன் ராமில் வைத்துக்கொண்டு எழுந்துவிடும். இதற்கென்றே லைவ் மீட்பு சிஸ்டங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. சிஸ்டம்ரெஸ்கியூ என்று ஒன்று. டிஸ்கை அப்படியே பிரதி எடுக்க குளோன்ஸில்லா என்று ஒன்று, தைவான்காரர்கள் செய்தது.

பள்ளியில் முதல் நாள் வரும் புதுப் பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். அதுதான் இந்தக் கணக்கு. ஐந்து வரி.

முதல் வரி, கேட்டுக்குள் நுழைவது. அதாவது கேபிள் சரியாக இருக்க வேண்டும்.

இரண்டாம் வரி, "நான் யார், எந்த வகுப்பு?" என்று உரக்கக் கேட்பது. டி.எச்.சி.பி. என்ற சேவை பதில் சொல்லும். உனக்கு இந்த எண், உன் புத்தகம் இந்த அறையில், புத்தகத்தின் பெயர் இது. மூன்று தகவலும் வர வேண்டும்.

மூன்றாம் வரி, அந்த அறைக்குப் போய் ஒரு சின்னக் கோப்பை வாங்கி வருவது. இதற்கு டி.எஃப்.டி.பி. என்ற எளிய முறை.

நான்காம் வரி, அந்தக் கோப்பு ஓடி மெனுவைக் காட்டுவது. ஐபிஎக்ஸ்இ என்ற மென்பொருள் இதற்குப் பெயர் போனது.

ஐந்தாம் வரி, மெனுவில் நாம் தேர்ந்தெடுத்த சிஸ்டத்தின் கெர்னல் வந்து, பிறகு அதுவே பெரிய கோப்பு முழுவதையும் இழுத்துக்கொண்டு எழுந்திருப்பது.

இது எந்த வரியில் நின்றாலும் திரையில் அதைச் சொல்லிவிட்டுத்தான் நிற்கும். அன்று எங்களுக்கு ஐந்து வரியிலும் தடங்கல் வந்தது. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், உங்களுக்கும் வரும்.

முதலில் இ-61 என்ற எண் வந்தது. கேபிளைப் பார் என்று அர்த்தம். பெட்டியின் பின்னால் கேபிள் சொருகும் இடத்தில் சின்ன விளக்கு எரிய வேண்டும், எரியவில்லை. பீரோ காலுக்கு அடியில் கேபிள் நசுங்கிக் கிடந்தது. மாற்றினோம், எரிந்தது. வைஃபையில் இந்த வேலை நடக்காது, கேபிள்தான் வேண்டும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து இ-53. எண் கிடைத்தது, புத்தகத்தின் பெயர் கிடைக்கவில்லை. இதில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. இரண்டாம் வரி பாதி சரி. இ-51 என்று வந்திருந்தால் பதிலே வரவில்லை என்று பொருள். புது மெஷின்களில் அதற்கு இ-16 என்று வரும். எங்கள் ரவுட்டர், நெட் கனெக்‌ஷனோடு வந்த சாதாரண ரவுட்டர். எண் கொடுக்கத் தெரியும், பூட் கோப்பின் பெயரைச் சொல்ல அதில் இடமே இல்லை. ரவுட்டரை மாற்ற வேண்டியதில்லை. டிஎன்எஸ்மாஸ்க் என்று ஒரு சின்ன நிரல் இருக்கிறது. அதை லேப்டாப்பில் ப்ராக்ஸி முறையில் ஓட விட்டான். ரவுட்டர் வழக்கம்போல் எண் கொடுக்கும், இது பக்கத்தில் நின்றுகொண்டு கோப்பின் பெயரை மட்டும் சொல்லும். இரண்டுக்கும் சண்டை இல்லை.

அடுத்து இ-32. அறைக்குப் போனது, கதவு பூட்டியிருந்தது. அவனுடைய லேப்டாப்பின் ஃபயர்வால்தான் காரணம். தேவையான வழியை மட்டும் திறந்தான். இதே இடத்தில் "கோப்பு இல்லை" என்று வந்தால் கோப்பின் பெயரிலோ ஃபோல்டரிலோ எழுத்துப்பிழை. லினக்ஸில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு.

இங்கே ஒரு விஷயம். பழைய மெஷின்களுக்கு, அதாவது பயாஸ் வகைக்கு, ஒரு பூட் கோப்பு. புதிய யு.இ.எஃப்.ஐ. வகைக்கு வேறு கோப்பு. ஒன்றைக் கொடுத்தால் இன்னொன்று ஏற்காது. மெஷின் கேட்கும்போதே தான் எந்த வகை என்றும் சொல்கிறது. அதைப் பார்த்துக் கொடுக்கும்படி டிஎன்எஸ்மாஸ்க்கில் எழுதிவைக்க வேண்டும். "பக்கத்து மெஷின்ல மெனு வருது, இதுல வரல" என்று யாராவது சொன்னால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். புது மெஷின்களில் செக்யூர் பூட் என்ற காவல்காரரும் உண்டு. கையொப்பம் இல்லாத கோப்பை உள்ளே விட மாட்டார்.

நான்காம் வரியில் வேடிக்கை. ஐபிஎக்ஸ்இ வந்தது, மறுபடி ஐபிஎக்ஸ்இ வந்தது, மறுபடியும் அதுவே. செக்குமாடு மாதிரி சுற்றியது. ஏன்? அது எழுந்ததும் திரும்பவும் இரண்டாம் வரிக் கேள்வியைக் கேட்கிறது. நாம் திரும்பவும் அதே கோப்பையே கொடுக்கிறோம். "கேக்கறது ஐபிஎக்ஸ்இ-யா இருந்தா மெனுவைக் கொடு, இல்லன்னா கோப்பைக் கொடு" என்று ஒரு நிபந்தனை எழுதியதும் நின்றது. மெனு வந்தது. நான் கை தட்டினேன். அவன், "இன்னும் இருக்கு சார்" என்றான்.

சிஸ்டம்ரெஸ்கியூவைத் தேர்ந்தெடுத்தோம். கெர்னல் வந்தது. எழுத்துகள் மளமளவென்று ஓடின. பிறகு நின்றுவிட்டது. பெரிய கோப்பு கிடைக்கவில்லை என்றது. பையன் அரை மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டான். டிரைவர் இல்லையோ, கோப்பு கெட்டுவிட்டதோ, ராம் போதவில்லையோ என்று ஒவ்வொன்றாகப் பார்த்தான். ராம் குறைவான மெஷினில், முழு சிஸ்டத்தையும் ராமில் ஏற்று என்று மெனுவில் எழுதியிருந்தால் நின்றுவிடுவது உண்டாம். அது இல்லை.

நான் சும்மா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எண்களைப் பார்ப்பது பழக்கதோஷம்.

"கண்ணா, அங்கே 192.168.0 என்று போட்டிருக்கு. நம்ம மெஷினுக்கு வந்த எண்ணில் 168.1 என்று இருந்ததே. 0-வா 1-ஆ?"

அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். முந்தின இரவு அடையாறில் தன் வீட்டில் உட்கார்ந்து மெனு எழுதியிருக்கிறான். வீட்டு ரவுட்டரில் 0, மையத்து ரவுட்டரில் 1. கெர்னல் வந்தது பொதுவான வழியில், அதனால் வந்துவிட்டது. பெரிய கோப்புக்கு மட்டும் வீட்டு முகவரியை அப்படியே எழுதிவிட்டான். ஒரு இலக்கத்தை மாற்றினான். நாற்பது விநாடியில் சிஸ்டம் எழுந்தது.

"சார், டென்த்ல எனக்கு ரெண்டு மார்க் இப்படித்தான் போச்சு" என்றான்.

அதன் பிறகு நடந்ததுதான் முக்கியம். டிஸ்கை உடனே திறக்கவில்லை. ஜிஎன்யு டிடிரெஸ்கியூ என்ற நிரலால் முழு டிஸ்கையும் அப்படியே நெட்வொர்க் வழியாக அவனுடைய லேப்டாப்புக்குப் பிரதி எடுத்தான். அது முதலில் நல்ல பகுதிகளையெல்லாம் வேகமாகப் படித்துவிடும். கெட்ட இடங்களைக் குறித்து வைத்துக்கொண்டு கடைசியில் திரும்பிப் போய் முயற்சி செய்யும். கரண்ட் போனால்கூட விட்ட இடத்திலிருந்து தொடரும். பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு நான் சொல்வதும் அதுதான். தெரிந்ததை முதலில் எழுது, தெரியாததில் உட்கார்ந்துகொண்டு நேரத்தை விடாதே. 320 ஜி.பி. டிஸ்க். ராத்திரி முழுக்க ஓடியது. மூல டிஸ்கில் ஒரு எழுத்துகூட எழுதவில்லை. மறுநாள் பிரதியைத் திறந்து தேடினோம்.

43-இல் 41 பாடங்கள் முழுதாகக் கிடைத்தன. ஒன்று பாதியில் நின்றுவிடுகிறது. ஒன்று திறக்கவே இல்லை. அந்த டிஸ்க் அடுத்த வாரமே முற்றாக அடங்கிவிட்டது. ஃபார்மட் அடித்திருந்தால் அன்றைக்கு மெஷின் ஓடியிருக்கும், ஒரு வாரம் கழித்து அதுவும் நின்றிருக்கும், ஐயாவின் குரல் ஒரு வரிகூட இருந்திருக்காது. அந்த மாலை ஒரு பிளஸ் ஒன் பெண், பார்வை இல்லாதவள், இயர்போனில் கேட்டுவிட்டு, "ஐயா இருமிட்டு மறுபடி முதல்லேருந்து படிக்கறாரே, அது வந்துடுச்சு சார்" என்றாள். அவளுக்கு அந்தப் பாடம் மனப்பாடம். நான் எழுந்து வெளியே போய் நின்றேன்.

இது நம் சின்ன மையத்துக் கதை என்று நினைக்காதீர்கள். 2024 ஜூலை 19 நினைவிருக்கிறதா? கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய தவறான ஒரு அப்டேட்டால் உலகம் முழுக்க விண்டோஸ் மெஷின்கள் நீலத் திரையில் நின்றன. மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம். நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். டிஸ்கில் எல்லாம் பத்திரமாக இருந்தது. ஒரே ஒரு கோப்பை நீக்கினால் போதும். ஆனால் எழுந்திருக்காத மெஷினுக்குள் போய் அதை எப்படி நீக்குவது? ஆள் ஒவ்வொரு பெட்டியாகப் போய் உட்கார வேண்டியிருந்தது. மைக்ரோசாஃப்ட் முதலில் பென் டிரைவ் வழியைக் கொடுத்தது. ஓரிரு நாளில் நெட்வொர்க் பூட் வழியையும் சேர்த்தது. டிஸ்க் பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்த இடங்களில் 48 இலக்கச் சாவியும் தேவைப்பட்டது. சாவியை எழுதிவைத்த பட்டியலே எழுந்திருக்காத மெஷினில் இருந்தால் என்ன செய்வது? நம் மாணவர்களில் மூன்று பேர் அந்த வாரம் ராத்திரி தூங்கவில்லை. அவர்களிடம் கேட்டேன். மீட்பு வழி முன்பே தயாராக இருந்தவனுக்கு வேலை சீக்கிரம் முடிந்தது, இல்லாதவன் மாடி மாடியாக ஏறி இறங்கினான் என்றுதான் மூவரும் சொன்னார்கள்.

இனி என் வருத்தம். தமிழக அரசு 2011-இல் பிள்ளைகளுக்கு இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தது. நான் பார்த்தவற்றில் பலவற்றில் விண்டோஸோடு லினக்ஸும் இருந்தது. ஆன் செய்தால் எதை எழுப்பட்டும் என்று மெனு கேட்கும். சென்னை சி-டாக்கில் உருவான பாஸ் லினக்ஸ் நம் ஊர்ச் சரக்கு. அந்த மெனுவைப் பார்த்துப் பயந்து, "இது எதுக்கு சார்" என்று கடையில் கொடுத்து அழித்துக்கொண்டு வந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். நாங்கள் ஆசிரியர்களும் விளக்கவில்லை. பதினொன்றாம் வகுப்பு கணினிப் புத்தகத்தில் பூட்டிங் பற்றிப் பாடம் இருக்கிறது. கோல்ட் பூட்டிங், வார்ம் பூட்டிங், இரண்டு மார்க் கேள்வி. மனப்பாடமாகச் சொல்வார்கள். அவர்கள் கண் முன்னால் ஒரு மெஷின் எழுந்திருக்காமல் நின்றால் திரையைப் படிக்கச் சொல்லிக் கொடுத்தோமா? இல்லை. அந்தப் பிழையில் எனக்கும் பங்கு உண்டு. ஒரே ஒரு பிராக்டிகல் வகுப்பு போதும். ஆசிரியர் வேண்டுமென்றே கேபிளைப் பிடுங்கிவிட்டு, கோப்பின் பெயரை மாற்றிவிட்டு, "எந்த வரியில் நிற்கிறது, சொல்" என்று கேட்க வேண்டும்.

இதற்கு எதிர்ப்பேச்சும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். "எல்லாம் கிளவுடில் இருக்கிறதே சார்" என்கிறான் ஒரு மாணவன். இருக்கட்டும், நல்லது. ஆனால் அதில் போடாமல் விட்டது எது என்பது மெஷின் போன பிறகுதான் தெரியும். "ஆபத்து இல்லையா?" என்று என் மருமகள் கேட்டாள். உண்டு. நெட்வொர்க்கில் மீட்பு மெனு எப்போதும் ஓடிக்கொண்டிருந்தால், யாரும் எந்த மெஷினையும் அதில் எழுப்பி டிஸ்கைப் படித்துவிடலாம். அதனால் வேண்டும்போது மட்டும் அதை ஓட விட வேண்டும். முக்கியமான டிஸ்க்கை என்க்ரிப்ட் செய்து, சாவியைக் காகிதத்தில் எழுதிப் பீரோவில் வைக்க வேண்டும். ஆபீஸில் சொல்லாமல் கொள்ளாமல் இதை ஓட்டினால் மொத்த நெட்வொர்க்கும் குழம்பலாம், அனுமதி வாங்குங்கள். டிஸ்க் டக் டக் என்று சத்தம் போட்டால் எந்த மெனுவும் வேண்டாம். உடனே ஆஃப் செய்துவிட்டு, டேட்டா மீட்கும் நிபுணரிடம் கொடுங்கள். வீட்டில் ஒரே கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு நெட்வொர்க்கும் வேண்டாம், மீட்பு சிஸ்டம் போட்ட ஒரு பென் டிரைவ் போதும்.

இப்போது தங்கை மகன் விஷயத்துக்கு வருகிறேன். அவன் போட்ட படத்தைப் பெரிதாக்கிப் படித்தேன். இ-61, கேபிளைப் பார் என்றது. அடுத்த வரியில், பூட் ஆக எதுவும் இல்லை என்றது. அவன் வீட்டில் நெட்வொர்க் கேபிளே கிடையாது! பிறகு ஏன் அதைக் கேட்கிறது? டிஸ்க்கில் எழ முடியாதபோது, மெஷின் கடைசி நம்பிக்கையாக நெட்வொர்க்கைத் தேடிப் போகிறது. ஆகவே அந்த வரியின் உண்மையான பொருள், "எனக்கு டிஸ்கிலிருந்து எழ முடியவில்லை" என்பது. செட்டப்பில் தேதியைப் பார்க்கச் சொன்னேன். பல வருஷம் பின்னால் இருந்தது. மதர்போர்டில் இருக்கும் நாணயம் மாதிரியான சின்ன பேட்டரி தீர்ந்து, செட்டிங் எல்லாம் பழைய நிலைக்குப் போய், டிஸ்கை எழுப்பும் முறையும் மாறிவிட்டிருந்தது. சிஆர்2032 பேட்டரி ஒன்று வாங்கிப் போட்டு, செட்டிங்கைத் திரும்ப மாற்றினான். எழுந்துவிட்டது. அவன் அம்மாவின் அறுபதாம் கல்யாணப் படங்கள் எல்லாம் அதில்தான் இருந்தனவாம். நான்கு கட்டைவிரல்களும் இப்போது என்ன சொல்கின்றன?

ஐப்பசி மழை வருவதற்குள் ஒவ்வொருவரும் செய்ய வேண்டிய வீட்டுப்பாடம்:

1. எழுந்திருக்காத மெஷின் முன் நின்றால், திரையை முதலில் போனில் படம் எடுங்கள். பிறகு படியுங்கள். பிறகு பேசுங்கள்.

2. உங்கள் ஆபீஸ், பள்ளி, சென்டர் எதுவானாலும், ஒரு மீட்பு வழி தயாரா என்று கேளுங்கள். தயார் என்றால், "கடைசியாக எப்போது ஓட்டிப் பார்த்தீர்கள்?" என்று கேளுங்கள். வேறு இடத்தில் எழுதிய மெனு இந்த இடத்தில் ஓடாது. ஒரு 0-வும் ஒரு 1-உம் போதும்.

3. மீட்பு மெனு வைத்திருக்கும் மெஷினுக்கு மாறாத ஒரு எண் கொடுங்கள். அந்த எண்ணையும் பூட் மெனுவுக்கு எந்தக் கீயை அழுத்த வேண்டும் என்பதையும் சுவரில் ஒட்டுங்கள்.

4. திரும்பக் கிடைக்காத பொருள் ஒன்று உங்கள் மெஷினில் இருக்கும். யாருடைய குரலோ, யாருடைய கையெழுத்தோ. அதை இன்று ராத்திரியே இரண்டாவது இடத்தில் போடுங்கள். நாளைக்கு என்று சொல்லாதீர்கள். நான் சொன்னேன், இரண்டு பாடம் போயிற்று.

அந்த இரண்டு பாடங்களையும் மறுபடி வாசித்துப் பதிவு செய்ய ஆள் தேடுகிறோம். ஐயாவிடம் படித்தவர்கள், சீர் பிரித்து வாசிக்கத் தெரிந்தவர்கள், ஞாயிறு காலை மந்தைவெளிக்கு வரலாம். ஃபேனை நிறுத்திவிடுவோம், சொல்லிவிட்டேன்.

வருகிற சனிக்கிழமை மாலை அடையாறு பையன் மையத்தில் எல்லோருக்கும் இதைச் செய்து காட்டுகிறான். கேபிளைப் பிடுங்கும் வேலை என்னுடையது.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்